'போலி விவசாயி': பட்டாவின் வரலாற்றில் ஒரு சொல்

2020 செப்டம்பரில் திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஒரு புதுச்சொல் புழங்க ஆரம்பித்தது: 'போலி விவசாயி'. செய்தித்தாள்கள் தலைப்பில் போட்டன. டீக்கடையில் அதை வைத்துக் கேலி நடந்தது. போலிச் சாமியார்களுக்குப் பழகிப்போன ஊர் இது. ஆனால் விவசாயியில் போலி என்று ஒருவர் இருக்க முடியும் என்பதை அப்போதுதான் முதன்முறையாகக் கேள்விப்பட்டோம். போலி என்றால் அசல் என்று ஒன்று இருக்க வேண்டும். அந்த அசல் யார், அதைத் தீர்மானித்தது யார், எந்தக் காகிதத்தை வைத்துத் தீர்மானித்தார்கள் என்கிற கேள்விகள் மட்டும் அந்த மாதம் எங்கேயும் எழவில்லை. இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியது. எனக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. அதை மறைத்துவிட்டு எழுதுவது சரியல்ல.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசின் பி.எம். கிசான் திட்டம் 2019 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. வருஷத்துக்கு 6000 ரூபாய், மூன்று தவணையாக 2000, 2000, 2000. முதலில் 2 ஹெக்டேர் வரை நிலமுள்ள குடும்பங்களுக்கு என்றிருந்தது, அதே ஆண்டு தேர்தல் முடிந்ததும் நிலமுள்ள எல்லாக் குடும்பங்களுக்கும் என்று விரிந்தது. 2020ல் கொரோனா ஊரடங்குக் காலத்தில் இணையம் வழியாக யாரும் விண்ணப்பிக்கலாம் என்றான பின், வட்டார அளவில் அதிகாரிகளிடம் இருந்த கடவுச்சொற்கள் வெளியே போயின. ஒப்பந்த ஊழியர்கள், தரகர்கள், கணினி மையங்கள் என்று ஒரு சங்கிலி உருவாயிற்று. தமிழ்நாட்டில் தகுதியற்ற 5.5 லட்சம் பேர் பட்டியலில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள், 110 கோடி ரூபாய் போயிருக்கிறது என்று அப்போதைய வேளாண்துறை முதன்மைச் செயலாளர் ககன்தீப் சிங் பேடி அறிவித்தார். 80 ஒப்பந்த ஊழியர்கள் நீக்கம், 34 அலுவலர்கள் தற்காலிகப் பணிநீக்கம், 18 பேர் கைது, சி.பி.சி.ஐ.டி. விசாரணை. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை என்று வடமாவட்டங்களின் பெயர்கள் அடிபட்டன.

110 கோடியை 5.5 லட்சத்தால் வகுத்துப் பாருங்கள். ஆளுக்கு 2000 ரூபாய் வரும். அதுதான் 'மோசடி'யின் தலைக்கணக்கு.

வேட்டவலம் சாலையில் எங்கள் கிராமம். ஒன்றரை ஏக்கர் கழனியும் இரண்டு ஏக்கர் கொல்லையும் அம்மாவின் பெயரில் பட்டா. அப்பா இறந்து, அம்மா என்னோடு டவுனுக்கு வந்துவிட்ட பிறகு, நிலத்தைக் காலனியைச் சேர்ந்த ஒரு அக்காவும் அவர் வீட்டுக்காரரும் வாரத்துக்குப் பயிர் வைக்கிறார்கள். கழனியில் நெல், கொல்லையில் மணிலா. அக்காவின் மாமனாருடைய தகப்பனார் எங்கள் வீட்டில் படியாளாக இருந்தவர். அக்காவின் மாமியார் எங்கப்பாவை 'ஆண்டே' என்று கூப்பிட்டவர். அக்கா என்னை 'சார்' என்கிறார். நான் அவரை 'அக்கா' என்பது எண்பதுகளில் இயக்கத்தில் கற்றுக்கொண்டது. இந்த விளிச்சொற்கள் மாறிய வேகத்தில் வாரக்கணக்கு மாறவில்லை. மகசூலில் பாதி இன்றைக்கும் எங்களுக்குத்தான் வருகிறது.

2020ல் அக்காவின் பெயரும் அந்த 5.5 லட்சத்தில் இருந்தது. டவுனில் ஒரு கணினி மையத்துக்கு யாரோ வண்டியில் வைத்துக் கூட்டிப் போயிருக்கிறார்கள். 'கொரோனா பணம்னு சொன்னாங்க சார். ஆதாரு, பேங்க் பொஸ்தகம் ரெண்டையும் வாங்கி இன்னாவோ அடிச்சாங்க. ஐந்நூறு ரூபா குடுத்தேன். ரெண்டாயிரம் வந்துச்சி.' ஊரடங்கில் வேலை கிடையாது. அந்தப் பணத்தில் ரேஷனில் கிடைக்காத சாமான் வாங்கினார். செப்டம்பரில் வங்கியில் கணக்கை நிறுத்திவிட்டார்கள். அந்தக் கணக்கில்தான் நூறுநாள் வேலைக் கூலியும் வரும். நிறுத்தியதைத் திறந்தபோது 2000 கழிந்திருந்தது. ஆக, ஏரியில் மண் வெட்டிய கூலியை எடுத்து, விவசாயி இல்லை என்பதற்கான அபராதமாக அரசுக்குச் செலுத்தியிருக்கிறார். தரகருக்குக் கொடுத்த 500 திரும்பவில்லை.

அதே தவணையில் அம்மாவின் கணக்குக்கும் 2000 வந்தது. அது முறையானது. யாரும் விசாரிக்க வரவில்லை. அம்மா வழக்கமாக இந்தப் பணத்தைப் பௌர்ணமி அன்னதானத்துக்குக் கொடுப்பவர். அந்த வருஷம் கிரிவலம் தடை என்பதால் பீரோவிலேயே இருந்தது. அம்மா கழனியில் கால் வைத்துப் பதினைந்து வருஷம் இருக்கும்.

அசலும் போலியும் இப்படி இடம் மாறி நிற்பதை ஒரு நிர்வாகக் கோளாறு என்று தள்ளிவிட முடியாது. இதற்கு இருநூறு வருஷத்து வரலாறு இருக்கிறது.

தாமஸ் மன்றோவின் பெயரோடு சேர்ந்து வரும் ரயத்துவாரி முறையைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்தது, இடைத்தரகரான ஜமீன்தார் இல்லாமல் அரசு நேரடியாகக் குடியானவரிடம் வரி வாங்கியது என்பது. அந்த 'நேரடி'க்கு நடுவில் ஒரு காகிதம் இருந்தது: பட்டா. வரி கட்ட வேண்டியவர் யார் என்பதற்கான சீட்டு அது. ஏர் பிடிக்கிறவர் யார் என்பதற்கான அத்தாட்சியாக அது ஒருநாளும் இருந்ததில்லை. வரி வசூலுக்காக உருவான ஒரு அடையாளம், காலப்போக்கில் அரசு எதையாவது கொடுக்கும்போது யாருக்குக் கொடுப்பது என்பதற்கும் ஒரே அடையாளமாகிவிட்டது. கர்ணமும் மணியக்காரரும் எழுதியதே நிலத்தின் பிரதி. பரம்பரைக் கிராம அதிகாரிகள் முறையை 1980ல் எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது உண்மை. ஆட்கள் மாறினார்கள், கணக்கு மாறவில்லை. இன்றும் ஜமாபந்தி பசலிக் கணக்கில்தான் நடக்கிறது.

கொடுப்பதன் வரலாறு தக்காவியில் தொடங்குகிறது. பஞ்சங்களுக்குப் பின் வெள்ளைக்கார அரசு இரண்டு சட்டங்கள் போட்டது. 1883ன் நிலமேம்பாட்டுக் கடன் சட்டம் கிணறு, வரப்பு போன்றவற்றுக்கு. 1884ன் விவசாயிகள் கடன் சட்டம் விதை, மாடு, கஷ்டநிவாரணம் ஆகியவற்றுக்கு. இந்த இரண்டாவது சட்டத்தைக் கவனமாக வாசிக்க வேண்டும். சாகுபடி நிலத்தின் உரிமையாளர்களுக்கும், அதை அனுபவத்தில் வைத்திருப்பவர்களுக்கும் கடன் தரலாம் என்கிறது அது. 'அனுபவத்தில் வைத்திருப்பவர்' என்ற அந்த ஒரு சொல்லில் அக்கா நுழைய இடமிருக்கிறது. நடைமுறையில் நிலத்தை ஜாமீனாகக் கேட்டார்கள், கதவு மூடிக்கொண்டது என்பது வேறு கதை. ஆனாலும் 1884ன் காலனியச் சட்டம் வார்த்தையளவிலாவது அனுமதித்த ஒருவரை 2019ன் சுதந்திர இந்தியத் திட்டம் வார்த்தையளவிலும் அனுமதிக்கவில்லை. அதன் பயனாளி நிலவுடைமைக் குடும்பம் மட்டுமே. 2019 பிப்ரவரி 1 அன்று நிலம் யார் பெயரில் இருந்தது என்பதே கேள்வி.

தக்காவிக்குப் பின் கூட்டுறவு. பிரெடரிக் நிக்கல்சன் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு எழுதிய அறிக்கை, 1904ன் சட்டம், அதே ஆண்டு செங்கல்பட்டு மாவட்டத்துத் திரூரில் சங்கம். இதையெல்லாம் கூட்டுறவு வாரவிழாவில் கேட்டு அலுத்திருப்பீர்கள். அங்கும் பயிர்க்கடன் வாங்க அடங்கல் வேண்டும், சிட்டா வேண்டும். 2006ல் கலைஞர் அரசு தள்ளுபடி செய்த 6,866 கோடியும், 2016ல் ஜெயலலிதா அரசு சிறு குறு விவசாயிகளுக்குத் தள்ளுபடி செய்த 5,780 கோடியும், 2021 பிப்ரவரியில் பழனிசாமி அரசு அறிவித்த 12,110 கோடியும் சங்கத்தில் கடன் வாங்க முடிந்தவர்களின் கடன்கள். கந்துவட்டிக்கு வாங்கிப் பயிர் வைத்த வாரதாரரின் கடனைத் தள்ளுபடி செய்ய இதுவரை எந்த அரசிடமும் பட்டியல் இல்லை.

காகிதம் அவர்கள் கைக்கு வரவே இல்லையா என்றால், ஒரு முறை வந்தது. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30 அன்று பிறந்த அரசாணை, ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க வழிசெய்தது. பஞ்சமி நிலம் என்று பின்னால் பெயர் பெற்றது அது. பிறருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு தரப்பட்ட நிலம் எப்படியெல்லாம் கைமாறிற்று என்பதை இந்தப் பக்கங்களின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1994 அக்டோபரில் காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடி ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் பலியானதும் நினைவிருக்கும். அன்றைக்கு நாம் அதைச் சுயமரியாதைக்கான, நிலத்துக்கான போராட்டமாகப் பார்த்தோம். சரிதான். ஆனால் நிலம் என்பது மண் மட்டுமில்லை, அரசின் கொடை வந்து சேரும் முகவரியும் அதுதான் என்பதை நாம் போதுமான அளவுக்குப் பேசவில்லை என்று இப்போது தோன்றுகிறது. ஒரு தலைமுறை இழந்த பட்டா, அடுத்தடுத்த தலைமுறைகளுக்கு மின்சாரமாகவும் கடனாகவும் தள்ளுபடியாகவும் 2000 ரூபாயாகவும் வராமல் போய்க்கொண்டே இருக்கிறது.

மின்சாரத்துக்கு வருவோம். திருவண்ணாமலை வட்டம் 1911 வரை தென்னாற்காட்டில் இருந்தது, பிறகு வடஆற்காட்டுக்கு மாறியது, 1989ல் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. பச்சைப் புரட்சி பற்றி ஆராய வந்தவர்களுக்கு வடஆற்காடு ஒரு சோதனைக்களம். எழுபதுகளின் தொடக்கத்தில் பி.எச். ஃபார்மர் தலைமையில் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வந்தார்கள். எண்பதுகளில் வந்து எழுதியவர்கள் ஹேசலும் சி. இராமசாமியும். பின்னால் பார்பரா ஹாரிஸ்-வைட்டும் ச. ஜனகராஜனும். இப்பகுதியில் காவிரி மாதிரி ஒரு ஆறு கிடையாது. ஏரியும் கிணறும்தான். ஐ.ஆர். நெல் வந்தபோது அதற்கான தண்ணீரைக் கொடுத்தவை கிணறுகள். கிணற்றுக்கு மோட்டார், மோட்டாருக்கு மின்சாரம். மின்கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவைப் பக்கம் எழுந்த போராட்டத்தில் 1970ல் பெருமாநல்லூரிலும் 1972ல் வேறு இடங்களிலும் விவசாயிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த உயிர்களின் விலையாகத்தான் 1984ல் எம்.ஜி.ஆர். அரசு சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் தந்தது, 1990ல் தி.மு.க. அரசு அதை எல்லா விவசாயிகளுக்கும் விரித்தது. அந்தப் போராட்டத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் மோட்டார் இணைப்பு யார் பெயரில்? கிணறு யாருடைய பட்டாவில்? எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்கிறேன். அரசு எங்கள் ஐந்து எச்.பி. மோட்டாருக்கு இலவச மின்சாரம் தருகிறது. 'கரண்டும் தண்ணியும் நம்மது, ஆள்தானே அவங்க' என்ற தர்க்கத்தில் அப்பா பாதி வாரம் கேட்டார். காசில்லாமல் வந்த மின்சாரம், எங்கள் கிணற்றின் வழியாகப் போய் அக்காவின் வியர்வையில் நெல்லாகி, எங்கள் வீட்டுக்குக் குத்தகையாகத் திரும்பி வருகிறது. மானியம் நிலவாடகையாக மாறும் இந்த ரசவாதத்தைப் புரிந்துகொள்ள ரிக்கார்டோவை வாசிக்க வேண்டியதில்லை, களத்துமேட்டில் மூட்டை பிரிக்கும்போது நின்றாலே போதும். நியாயக் குத்தகைச் சட்டம் 1956லேயே வந்தது. பின்னால் திருத்தப்பட்டு நிலக்காரருக்கு மகசூலில் 25 சதவீதம் என்றாயிற்று. எங்கள் களத்துமேட்டுக்கு அந்தச் சட்டம் வந்ததே இல்லை. நான்தான் கொண்டுபோயிருக்க வேண்டும்.

இனி கோயில். திருவண்ணாமலையில் உட்கார்ந்துகொண்டு நிலத்தைப் பற்றி எழுதும்போது அண்ணாமலையாரை விட்டுவிட முடியுமா? சட்டத்தின் பார்வையில் தெய்வம் ஒரு நபர். சொத்து வைத்துக்கொள்ளலாம், வழக்குப் போடலாம். மாசி மகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய், பிள்ளையில்லாத வல்லாள மகாராஜாவுக்கு மகனாக நின்று திதி கொடுக்கிறார். தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் கேட்டு அலையாமல் வாரிசாக ஏற்கப்பட்டவர் இந்த ஊரில் அவர் ஒருவர்தான். கல்வெட்டுக் காலத்திலிருந்து அவர் பெயரில் நிலம் எழுதப்பட்டு வந்திருக்கிறது. பி.எம். கிசான் விதிகளின்படி நிறுவனங்களின் பெயரில் உள்ள நிலத்துக்குப் பணம் கிடையாது. சாமிக்கு 2000 ரூபாய் தேவையில்லை என்பது நியாயம்தான். ஆனால் சாமியின் நிலத்தைக் குத்தகைக்கு உழுகிறவருக்கும் கிடையாது என்பது அந்த விதிக்குள் சத்தமில்லாமல் ஒளிந்திருக்கிறது. தமிழ்நாடு முழுக்கக் கோயில், மடம், அறக்கட்டளை நிலங்களில் பயிர் வைப்பவர்கள் எல்லோருக்கும் இதே கதிதான். அவர்களுக்கென்று 1961ல் தனிச்சட்டமே போட்ட மாநிலம் இது. ஜவ்வாது மலையில் பட்டா இல்லாத புன்செயில் சாமை விதைக்கும் மலையாளிப் பழங்குடிகளையும் இந்த வரிசையில் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் பெயரிலோ மாமனார் பெயரிலோ உள்ள நிலத்தில் களை எடுத்தே முதுகு வளைந்த பெண்களையும்.

அரசுக்கு இது தெரியாது என்று சொல்ல முடியாது. எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையத்தின் அறிக்கைகளுக்குப் பின் 2007ல் மத்திய அரசே விவசாயிகளுக்கான தேசியக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. விவசாயி யார் என்று அதில் வரையறை இருக்கிறது. குத்தகைதாரர், வாரதாரர், விவசாயக் கூலி, ஆடுமாடு வளர்ப்போர், மீனவர், காட்டில் சிறுவிளைபொருள் சேகரிக்கும் பழங்குடி எல்லோரும் விவசாயிகளே என்கிறது. அந்த வரையறைப்படி 2020ல் 'போலி' என்று பிடிக்கப்பட்ட அக்கா அசல் விவசாயி. அம்மாவைப் பற்றி அது என்ன சொல்லும் என்று யோசிக்கத் தயக்கமாக இருக்கிறது. பன்னிரண்டே வருஷத்தில் வந்த திட்டம் அந்த வரையறையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காரணம் எளிது. வாரதாரரைக் கண்டுபிடிக்கக் கிராமத்துக்குப் போக வேண்டும், அவரைப் பதிய நிலக்காரரைப் பகைக்க வேண்டும். பட்டாவோ கணினியில் தயாராக இருக்கிறது.

வேறுமாதிரி செய்ய முடியாதா? 2018ல் தெலங்கானாவின் ரைத்து பந்து ஏக்கருக்கு இவ்வளவு என்று கொடுத்தது, குத்தகைதாரர்களை வெளிப்படையாகவே ஒதுக்கியது. நூறு ஏக்கர்காரருக்கு நூறு பங்கு. ஐரோப்பிய ஒன்றியத்தின் நேரடி மானியமும் இந்த ஜாதிதான், சுமார் 80 சதவீதப் பணம் 20 சதவீதப் பண்ணைகளுக்குப் போகிறது என்பது அங்கே பழைய குற்றச்சாட்டு. ஆனால் ஒடிசாவின் காலியா திட்டம் வாரதாரர்களையும் நிலமற்ற விவசாயக் குடும்பங்களையும் சேர்த்தது. ஆந்திராவின் ரைத்து பரோசா 2019ல் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மைக் குத்தகைதாரர்களைச் சேர்த்தது. ஒடிசாவிலும் தகுதியில்லாதவர்கள் புகுந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் அங்கே ஒரு வாரதாரரைத் தகுதியில்லாதவர் என்று சொல்ல வேறு காரணம் தேட வேண்டியிருந்தது.

நண்பர் ஒருவர், விவசாயச் சங்கத்தில் நெடுங்காலம் இருப்பவர், இதைப் படித்துக் காட்டியபோது கோபப்பட்டார். 'திருட்டை நியாயப்படுத்துறியா? அஞ்சரை லட்சம் பேர்ல எத்தனையோ பேர் வயலையே பாக்காதவன். தரகன் எவ்ளோ சாப்ட்டான்?' நியாயமான கேள்வி. தரகர்களுக்கும் கடவுச்சொல்லை விற்றவர்களுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. அந்தப் பட்டியலில் டவுன்காரர்களும் இருந்திருப்பார்கள். நான் கேட்பது ஒன்றுதான். தரகரிடம் ஏமாந்தவரையும் தரகரையும் ஒரே சொல்லால் குறிக்க நம்மால் எப்படி முடிந்தது? அந்தத் திட்டத்தின் பெயரிலேயே 'சம்மான்' இருக்கிறது. கௌரவம் என்று அர்த்தம். கௌரவ நிதியை வாங்கியதற்காகத்தான் அக்கா வங்கி வாசலில் அத்தனை பேர் நடுவில் திட்டு வாங்கினார்.

கடைசியாக என் பங்கு. தமிழ்நாட்டில் 1969லிருந்து குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் இருக்கிறது. உழுகிறவர் விண்ணப்பிக்கலாம், நிலக்காரர் ஒப்புக்கொண்டால் சிக்கலே இல்லை. பதிந்தாலும் பி.எம். கிசான் பணம் வராது. ஆனால் பயிர்க்கடன், காப்பீடு என்று மற்ற கதவுகள் திறக்கும், குறைந்தபட்சம் ஒரு காகிதத்தில் பெயர் இருக்கும். 2021ல் அக்கா ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்: 'நாங்கதான் பயிர் வைக்கறோம்னு நீங்க எழுதிக் குடுத்தா ஆவாதா சார்?' ஆகும் என்றேன். அம்மாவிடம் பேசினேன். 'எழுதிக் குடுத்தா நெலம் போயிடும்டா. உங்கப்பா எதுக்கு எழுதாம வெச்சிருந்தாரு?' என்றார். நான் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. நிலம் உனக்குத்தானே வரப்போகிறது என்று அவர் சொல்லாமல் சொன்னது எனக்குக் கேட்டது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

2025ல் விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் என்று முகாம் போட்டார்கள். இதுவும் நில ஆவணத்தோடு இணைந்ததுதான், எண் இல்லாவிட்டால் தவணை நிற்கும் என்றார்கள். அம்மாவை ஆட்டோவில் ஊருக்குக் கூட்டிப்போனேன். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் மேஜை போட்டிருந்தது. வெயில். அக்கா ஓடிப்போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து அம்மாவை உட்காரவைத்தார். கணினியில் இருந்த பையன் சர்வே நம்பர் கேட்டான். சிட்டாவை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். அம்மாவுக்குத் தெரியவில்லை, என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியவில்லை. நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்த அக்கா சொன்னார்: 'நூத்திப் பன்னெண்டுல ரெண்டு ஏ சார். கொல்லி வந்து நூத்திப் பதினேழுல ஒண்ணு.' பையன் அதை அம்மாவின் பெயருக்கு நேரே அடித்தான்.